கால்பந்தாட்ட விதிகளும் மத்தியஸ்தரின் கடமையும்



கால்பந்தாட்டம் முடிந்து வீடு திரும்பும் ஜனங்கள், ஆட்டக்காரரின் திறமையைக் காட்டிலும் மத்தியஸ்தரின் குற்றங்களைப் பற்றியே அதிகமாகப் பேசுவது எங்கும் காணப்படும் வழக்கம். தோற்ற கட்சியார் அவர் பட்சபாதம் காட்டினார் என்பர். ஜயித்த கட்சியார் அவரை நினைப்பதுமில்லை. சில இடங்களில் இப்பேச்சு கைகலப்பாக முற்றி, ஒற்றுமையாக வாழ வேண்டிய இரு கிராமங்களைப் பகையாக்கிவிடுவதும் உண்டு. இச்சச்சரவுகளில் பெரும்பாலானவை விதியை அறியாமையால் எழுபவை. ஆகவே மத்தியஸ்தர் எவற்றை, எம்முறையில் தீர்மானிக்கிறார் என்பதை அறிவது அவசியம்.

1863-ம் வருஷத்தில் லண்டன் நகரில் பல ஆட்டச் சங்கத்தார் கூடி 13 விதிகளை வகுத்தனர். அவற்றில் மத்தியஸ்தரைப் பற்றிய பேச்சே இல்லை. தகராறு நேர்ந்தால் இரு கட்சித் தலைவர்களும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அக்காலத்து நம்பிக்கை. அது போதாமையால், பின்னர்க் கட்சிக்கு ஒருவராக இரண்டு நடுவர் ஏற்பட்டனர். அவ்விருவரும் ஒத்துவராதபோது, வெளியே நின்ற மூன்றாமவரிடம் விஷயம் ஒப்புவிக்கப்பட்டது. 'ரெபரி' என்னும் பெயர் இவ்வாறு வந்ததே. 1891-ல் அவரை மைதானத்துக்குள் கொணர்ந்து தீர்ப்புக் கூறும் பொறுப்பை அளித்தார்கள். மற்ற இருவரும் கோட்டோரத்தில் கொடி பிடிக்கும் துணைவர்களாயினர்.

இன்று விதிகள் 17. இவற்றை மாற்றும் அதிகாரம் 1886-ல் தோன்றிய சர்வதேச விதிச் சபைக்கே உரியது. அதில் வோட்டுகள் 8. பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்குத் தலைக்கு 1, உலகக் கால்பந்து சம்மேளனமாகிய பீபாவுக்கு 4. திருத்தம் நிறைவேற 6 வோட்டுகள் வேண்டும். ஆகவே இருதரப்பில் எவரும் தனித்து விதியை மாற்ற இயலாது. தமது சங்கத்தின் உபவிதிகளைத் திருத்தும் முறையை அறிந்த அங்கத்தினருக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

விதிகள் சிலவே, அவற்றைப் பிரயோகிப்பதில்தான் விவேகம் வேண்டும். ஒருவன் எதிரியை உதைத்தாலும் தள்ளினாலும் மத்தியஸ்தர் அச்செய்கையை மூன்று தரமாகப் பிரித்துப் பார்க்கிறார். அஜாக்கிரதையாகச் செய்திருந்தால் எதிர்க்கட்சிக்குப் பிரீ கிக் மட்டும் உண்டு. எதிரிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் செய்திருந்தால் அத்துடன் மஞ்சள் அட்டையும் காட்டப்படும். அளவு கடந்த பலத்தைப் பிரயோகித்திருந்தால் சிவப்பு அட்டை. அவன் வெளியேற வேண்டும். பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோல் தோன்றலாம். தண்டனை வேறுபடுவதற்குக் காரணம் இதுவே.

சில சமயம் குற்றம் கண்ணெதிரே நடந்தும் மத்தியஸ்தர் ஊதலை ஊதுவதில்லை. இதுவும் விதியில் உள்ளதே. குற்றத்தால் பாதிக்கப்பட்ட கட்சியே பந்துடன் கோலை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தால், ஆட்டத்தை நிறுத்துவது குற்றவாளிக்கு உபகாரம் செய்வதாக முடியும். ஆகவே அவர் ஆட்டத்தை நடக்க விடுகிறார். எதிர்பார்த்த அனுகூலம் சில வினாடிகளுக்குள் கிட்டாவிட்டால், திரும்பி முதற் குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம்.

கையில் பந்து பட்டதெல்லாம் குற்றமென்று பலர் கூச்சலிடுவர். அவ்வாறன்று. வேண்டுமென்றே கையால் தொடுவதும், இயல்புக்கு மாறாகக் கையை விரித்து உடலைப் பெரிதாக்கி நிற்கையில் பந்து படுவதும் குற்றமாகும். தன் கையில் பட்ட பந்து நேரே கோலுக்குள் சென்றால், அது தற்செயலாயினும் கோல் ஆகாது.

ஆப்ஸைடு விதியே மிகுதியான வாதத்துக்கு இடமளிப்பது. எதிரியின் பாதி மைதானத்தில் ஒருவர், பந்தைக் காட்டிலும், எதிர்க்கட்சியில் கடைசிக்கு முந்தியவரைக் காட்டிலும் கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் அது ஆப்ஸைடு நிலை. அந்நிலையில் வெறுமனே நிற்பது குற்றமன்று; அங்கிருந்து ஆட்டத்தில் தலையிடுவதே குற்றம். மேலும், தம் கட்சிக்காரர் பந்தை உதைத்த கணத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதே கேள்வி. பந்து வந்து சேர்ந்தபோது எங்கே இருந்தார் என்பதன்று. ஜனங்களின் கண் பந்தின் பின்னே ஓடுகிறது. கொடி பிடிப்பவரோ உதைத்த கணத்தைக் கவனிக்கிறார். இருவர் அபிப்பிராயமும் மாறுபடுவதில் வியப்பில்லை.

இனி, மத்தியஸ்தர் தவறினால் என்ன செய்வது? 2010-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்தின் பிராங்க் லாம்பார்டு அடித்த பந்து, மேற்கட்டையில் பட்டுக் கோல் கோட்டுக்கு அப்பால் விழுந்து வெளியே வந்தது. மத்தியஸ்தரும் துணைவரும் அதைக் காணவில்லை, கோல் கொடுக்கப்படவில்லை. அப்போது 2-க்கு 1 என முன்னணியில் இருந்த ஜெர்மனி, முடிவில் 4-க்கு 1 என ஜயித்தது. பந்து கோட்டைக் கடந்ததைப் படத்தில் உலகமே கண்டும் முடிவு மாற்றப்படவில்லை. ஆட்டத்தில் நடந்தவற்றைப் பற்றி மத்தியஸ்தர் கூறுவதே இறுதியானது என்பது விதி.

ஆயினும் விதிச் சபையார் அத்தவற்றை அலட்சியம் செய்யவில்லை. 2012-ல் பந்து கோட்டைக் கடந்ததைக் கருவியால் அறியும் முறையை அங்கீகரித்தனர். 2018-ல் படத்தைப் பார்த்துத் தெளிவான பிழைகளைத் திருத்தும் முறையும் விதிகளில் இடம்பெற்றது. அங்கும் முடிவு கூறுபவர் மைதானத்து மத்தியஸ்தரே.

கிராமத்து மைதானத்தில் இக்கருவிகள் இல்லை. ஒரு மனிதரின் கண்ணும் ஓர் ஊதலுமே உண்டு. ஆகையால் பொறுமை அங்கே அதிகமாக வேண்டும். கட்சித் தலைவருக்குத் தனிச் சலுகை எதுவுமில்லை என்றும், தம் கட்சியாரின் நடத்தைக்கு அவர் ஓரளவு பொறுப்பாளி என்றும் விதி கூறுகிறது. தீர்ப்பை எதிர்த்துக் கூச்சலிடும் ஆட்டக்காரனுக்கு மஞ்சள் அட்டை உண்டு. குறை இருப்பின் ஆட்டம் முடிந்தபின் போட்டியை நடத்துவோரிடம் நிதானமாகத் தெரிவிக்கலாம். அடுத்த ஆட்டத்துக்கு மேலும் தேர்ந்தவரை நியமிக்கலாம். தவறான தீர்ப்பு ஓர் ஆட்டத்தைத்தான் கெடுக்கும். தீர்ப்பையே ஏற்க மறுக்கும் வழக்கமோ ஆட்டம் என்பதையே இல்லாமற் செய்துவிடும்.