மஞ்சப்பையில் ஒரு பாஸ்புக்

பேங்க் கவுன்டர் முன்னாடி ஒரு அம்மா நிக்கிறாங்க. கையில மஞ்சப்பை. உள்ளே நாலா மடிச்ச இறப்புச் சான்றிதழ், ஓரம் நைஞ்ச பாஸ்புக். வீட்டுக்காரர் போட்டுவச்ச டெபாசிட்டுக்கு நாமினி பேரு இல்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை நீட்டுறாங்க. "இது போதாதும்மா, கோர்ட்ல இறங்குரிமைச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க"ங்கிறார் அதிகாரி.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? முதலாவது, வாரிசு யார் யாருன்னு சொல்லும். ரெண்டாவது, இறந்தவருக்கு வரவேண்டிய பணத்தையும் பங்குப் பத்திரங்களையும் யார் வாங்கிக்கலாம்னு சொல்லும். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கோர்ட் கொடுக்கிறது அது. வீடு, நிலத்துக்கு அது கிடையாது.

இறந்தவர் கடைசியாக் குடியிருந்த இடம் எந்தக் கோர்ட் எல்லையில வருதோ, அங்கே மனு போடணும். இறந்த தேதி, நெருங்கின உறவினர்கள் பேரு, முகவரி, பணத்தோட விவரம் எல்லாம் எழுதணும். யாரையும் மறைக்கக் கூடாது. கோர்ட் நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணை இருந்தாக் கேட்டு, அப்புறம்தான் உத்தரவு போடும்.

வக்கீலுக்கு என்ன செய்யறதுன்னு கலங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க.

இன்னொண்ணு. இன்னைக்கே உங்க பாஸ்புக்கை எடுத்துப் பாருங்க. நாமினி பேரு இல்லைன்னா எழுதிக் கொடுத்துடுங்க. துக்கத்துல இருக்கிறவங்களை அலைய விடாம இருக்கிறதும் அன்புதான்.