குழந்தையின் நுண்ணறிவும் மனவெழுச்சியும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வி உளவியலைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நூலில் உள்ளதை ஒப்பிப்பதைவிட, நம் தெருக்களில் நாள்தோறும் கேட்கும் ஒரு சொல்லிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்பதே அச்சொல். பிறர் இதைச் சொன்னால் நமக்குச் சினம் பொங்குகிறது, பொங்கவும் வேண்டும். ஆனால் அதே சொல்லைத் திண்ணையிலும் அடுப்படியிலும் நம் பிள்ளைகளைப் பார்த்து நாமும் சொல்லுகிறோம். நானும் சொன்னவன்தான்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், என் வகுப்பில் ஏழாவது படித்த சிறுவன் ஒருவன் இருந்தான். நம் சமுதாயத்துப் பிள்ளை. கணக்குப் பாடத்தில் எழுப்பிக் கேட்டால் வாய் திறக்கமாட்டான். கரும்பலகையின் முன் நிறுத்தினால் சுண்ணக்கட்டி கையில் நடுங்கும். ஆண்டின் பாதியில் பல மாதங்கள் பள்ளிக்கே வரமாட்டான். அவனுடைய முன்னேற்ற அட்டையில் "மந்த புத்தி" என்று என் கையாலேயே எழுதினேன். கோடை விடுமுறையில் வேறு வேலையாகச் செங்கல் சூளை ஒன்றின் பக்கம் போயிருந்தேன். அங்கே அவன் தன் தந்தையின் அருகே நின்று, அந்த வாரம் அறுத்த கல் எத்தனை ஆயிரம், ஆயிரத்துக்கு என்ன கூலி, வாங்கிய முன்பணத்தில் கழிவது எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று மேஸ்திரியிடம் மனக்கணக்காகவே சொல்லிக்கொண்டிருந்தான். மேஸ்திரி ஒரு தொகையைக் குறைத்துச் சொன்னபோது தயங்காமல் திருத்தினான். அவன் என்னைப் பார்த்தான். அடுத்த நொடியே வாய் மூடிக்கொண்டான். மேஸ்திரிக்கு அஞ்சாத பிள்ளை என்னைக் கண்டு அஞ்சினான். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை.

அவனுக்கு நுண்ணறிவு இல்லையென்று யார் சொல்ல முடியும்? பின் வகுப்பில் அந்த அறிவு எங்கே போயிற்று? இந்த வினாவுக்கு விடை தேடியே பின்னாளில் உளவியல் நூல்களைப் படித்தேன்.

நுண்ணறிவை அளக்க முடியும் என்ற எண்ணம் பிரான்சு நாட்டில் உருப்பெற்றது. 1905ஆம் ஆண்டு ஆல்பிரெட் பினே என்பவரும் தியோடோர் சிமோன் என்பவரும் 30 வினாக்கள் கொண்ட சோதனை ஒன்றை அமைத்தனர். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தனிக் கவனம் செலுத்துவதே அதன் நோக்கம். ஒரு குழந்தையின் அறிவு மாறாத அளவுடையது என்ற கொள்கையைப் பினே 1909இல் எழுதிய நூலில் கடுமையாக மறுத்தார். பயிற்சியால் கவனமும் நினைவும் ஆய்ந்தறியும் திறனும் வளரும் என்பதே அவர் முடிபு. 1911இல் அவர் மறைந்தார். அதன் பின்னர் அவருடைய சோதனை கடல் கடந்து அமெரிக்கா சென்று, அவர் மறுத்த காரியத்துக்கே பயன்பட்டது. நுண்ணறிவு ஈவு என்னும் எண்ணைக் கொண்டு இன்ன இனத்தார் உயர்ந்தவர், இன்ன இனத்தார் தாழ்ந்தவர் என்று எழுதத் தலைப்பட்டனர். அவ்வாறு 1923இல் நூல் எழுதிய கார்ல் பிரிகாம் என்பவரே 1930இல் தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று ஒப்புக்கொண்டு அவற்றைக் கைவிட்டார். இச்செய்தியை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். பிறப்பால் அறிவு குறைந்தவர் என்று யாரேனும் விஞ்ஞானத்தின் பெயரால் நம்மிடம் பேசினால், அந்த விஞ்ஞானத்தின் வரலாற்றையே நாம் அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

நுண்ணறிவில் மரபுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையேயும் வேறுபாடு உண்டு. ஆனால் உள்ள அறிவு வெளிப்படுவதற்கு மனம் இடம் கொடுக்கவேண்டும். அச்சம், வெட்கம், தாழ்வுணர்ச்சி ஆகிய மனவெழுச்சிகள் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளுகின்றன. ஒரு கணக்கைச் செய்யும்போது எண்களை மனத்தில் ஏந்தி வைத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் "எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், தவறினால் சிரிப்பார்கள்" என்ற எண்ணமும் அதே மனத்தில் வந்து உட்கார்ந்தால், எண்கள் நழுவிப் போகின்றன. தெரியாததனால் தவறுவது வேறு, தெரிந்தும் தவறுவது வேறு. மதிப்பெண் பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

நம்மைப் பற்றியே நடந்த ஓர் ஆய்வைச் சொல்லுகிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் நடத்தியது அது. 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள், மேல்சாதியினர் 321 பேரும் தாழ்த்தப்பட்டோர் 321 பேரும் அதில் பங்கு கொண்டனர். தாளில் வரைந்த சிக்கலான பாதைகளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, சரியாக முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் என்றார்கள். யார் எந்தச் சாதி என்று வெளியிடாத குழுக்களில் இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே புதிர்களை முடித்தனர். வேறு சில குழுக்களில், தொடங்குமுன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னிலையிலும் படித்தார்கள். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆயினும் தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று.

அறிவு கால் மணி நேரத்தில் குறையுமா? குறையாது. குறைந்தது நம்பிக்கை, "என் உழைப்பை இவர்கள் நேர்மையாக மதிப்பார்களா" என்ற நம்பிக்கை. இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, வகுப்பு நடுவே ஓர் ஊழியர் வந்து, "ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கு உரியவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொல்லும் காட்சியே. உதவித்தொகை நம் உரிமை. அதைத் தரும் முறையில் ஒரு புண் இருக்கவேண்டிய தேவை இல்லை. 2023இல் நாங்குநேரியில் நம் மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு அவர்களின் குழு, 2024இல் அளித்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது என்றும், உதவித்தொகைச் செய்தியை மாணவரைத் தலைமையாசிரியர் அறைக்குத் தனியே அழைத்துச் சொல்லவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் என்ன வழக்கம் என்று சங்க இளைஞர்கள் சென்று விசாரித்து வரவேண்டும்.

இந்த அச்சம் புதியதன்று. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூர்க் கல்லூரியில் பயின்ற காலத்தைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். உடன் பயின்றோரில் மிகப் பெரும்பாலோர் பிராமணர். பழகினால் தம் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிடுமே என்று அஞ்சி, வெளியே எங்கேனும் இருந்து படித்து, மணி அடித்த பின்னரே வகுப்பில் நுழைவாராம். வகுப்பு முடிந்ததும் யாரும் எட்டாதவாறு விரைந்து வீடு சேர்வாராம். 1893இல் "பறையன்" என்ற பெயரிலேயே இதழ் தொடங்கி, பின்னர் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைக்கு வாதாடியவர் அவர். அத்தகைய நெஞ்சுரம் கொண்டவரே இளமையில் மணியோசைக்காக மறைந்து காத்திருந்தார் என்றால், நம் எட்டு வயதுப் பிள்ளையின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். அஞ்சுகிற பிள்ளையைக் கோழை என்று ஏசாதீர்கள்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். பகலெல்லாம் உழைத்துக் களைத்து வரும் தாய் தந்தையரிடம் "பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் "இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேட்கலாம். எத்தனை மதிப்பெண் என்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். அவன் சொல்லும்போது இடையில் புகுந்து திட்டாதீர்கள். பள்ளியில் பட்ட அவமானத்தை வீட்டிலும் சொல்ல இயலாத பிள்ளைதான் முதலில் புத்தகப் பையைத் தூக்கி எறிகிறான். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் தந்தைமார்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும்: அன்றிரவு உங்கள் பிள்ளை தூங்குவதில்லை, மறுநாள் வகுப்பில் அவன் காதில் எதுவும் விழுவதில்லை. இதைச் சொல்வதால் சிலர் வருந்தலாம், வருந்தட்டும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்றவர்களை மேடையேற்றிப் பரிசளிக்கிறோம். நல்ல காரியம். ஆனால் அந்த நாளில் பின்வரிசையிலும் வீட்டிலும் தங்கிவிடும் பிள்ளைகள் யார்? நம் மாலை வகுப்புகளிலும் நன்றாகப் படிப்பவர்களை முன்னே அமர்த்தும் வழக்கம் வந்துவிட்டது. பிறர் நம்மை உட்காரவைத்த விதம் நமக்குத் தெரியும்; அதை நாமே நம் பிள்ளைகளிடம் செய்யலாகாது. ஆகையால், இவ்வாண்டு முதல் தை முதல் ஆனி வரை பெற்றோருடன் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் சென்று திரும்பும் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு ஒன்றைத் தொடங்கவேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பறைக்கு இந்தக் கட்டடத்தின் பின்கட்டு போதும். கணக்குப் பாடத்தைக் கல் எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். வாரத்தில் மூன்று மாலை நான் வந்து நடத்தித் தருகிறேன். இளைஞர்களில் இருவர் உடன் வரவேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.