மூன்று மாநிலங்களின் செனெட்டர்

மூன்று வெவ்வேறு மாநிலங்களின் பிரதிநிதியாக அமெரிக்க செனெட் சபையில் அமர்ந்தவர் அந்நாட்டுச் சரித்திரத்தில் ஒருவரே. அவரோ அந்நாட்டில் பிறந்தவருமல்லர். ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்னும் அந்த ஐரிஷ்காரரின் வரலாற்றை இன்று நாம் சிறிது நோக்குவோம்.

அயர்லாந்தின் டைரோன் பகுதியில் பிறந்த ஷீல்ட்ஸ், இளமையிலேயே கடல் கடந்து சென்று, இல்லினாய் மாநிலத்தில் காஸ்காஸ்கியா என்னும் ஊரில் வக்கீலானார். பின்னர் அம்மாநிலத்தின் கணக்குத் தணிக்கை அதிகாரியாகவும் அமர்ந்தார். 1842-இல், மதிப்பிழந்த மாநில வங்கி நோட்டுகளை வரிக்கு ஏற்கலாகாதென அரசு முடிவு செய்தபோது, மக்களின் சினம் அவர்மீது பாய்ந்தது. பத்திரிகையொன்றில் புனைபெயரில் அவரை எள்ளி நகையாடி எழுதியவர் மற்றொரு வக்கீல்; பெயர் ஆபிரகாம் லிங்கன்! ஷீல்ட்ஸ் அவரை வாட்போருக்கே இழுத்துவிட்டார். ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை லிங்கனுடையது; நெடிய கைகளையுடைய அவர் நீண்ட குதிரைப்படை வாளைத் தேர்ந்தார். நல்லவேளையாக நண்பர்கள் குறுக்கிட்டுச் சமாதானம் செய்தனர்.

ஆனால் நம் சிந்தனைக்குரியது 1849-ஆம் ஆண்டு நிகழ்ச்சியே. அதற்குள் அவர் இல்லினாய் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். மெக்ஸிகோ யுத்தத்தில், 1847-இல் செர்ரோ கோர்டோ போரில் படுகாயமுற்ற தளபதி. அக்காலத்தில் செனெட்டர்களை மாநிலச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. இல்லினாய் சட்டசபை அவரைத் தேர்ந்தெடுத்தனுப்பிற்று. எனினும், செனெட்டர் ஆவதற்கு ஒன்பது ஆண்டுகளேனும் பிரஜையாக இருத்தல் வேண்டும் என்பது அரசியல் சட்டம். ஷீல்ட்ஸ் பிரஜையானது 1840 அக்டோபர் 21-இல். சுமார் ஏழு மாதங்கள் குறைந்தன! அந்நாட்டிற்காகக் குண்டடிபட்ட மார்பு ஒருபுறம், நாட்காட்டி மறுபுறம். சபை நாட்காட்டியின் பக்கமே நின்று, மார்ச் மாதத்தில் அத்தேர்தலைச் செல்லாததாக்கியது. கடுமைதான், ஆயினும் தழும்புக்காக ஒருமுறை தளர்த்திய விதியை நாளை செல்வாக்குக்காகவும் தளர்த்த நேரும் என்பதால், சபை செய்தது முறையே என நாம் கருதுகிறோம். அக்டோபரில் ஒன்பது ஆண்டுகள் நிறைந்தன. இல்லினாய் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தது.

கான்ஸாஸ், நெப்ராஸ்கா பிரதேசங்களில் அடிமை முறையை அங்குக் குடியேறுவோரே தீர்மானிக்கலாம் என்ற 1854-ஆம் ஆண்டு மசோதாவை அவர் ஆதரித்தார். அந்த ஆதரவை நாம் போற்றுவதற்கில்லை. மறு ஆண்டே பதவியையும் இழந்தார்.

பின்பு மின்னஸோட்டாவில் குடியேறி, 1858-இல் அம்மாநிலத்தின் முதல் செனெட்டர்கள் இருவருள் ஒருவரானார். 1879-இல் மிசௌரி மாநிலம் அவரைச் சில வாரங்களுக்கு மட்டும் அச்சபைக்கு அனுப்பியது. அவ்வாண்டு ஜூன் முதல் நாள் அவர் காலமானார். 1893-இல் நாட்டின் தலைநகரிலுள்ள சட்டமன்ற மாளிகைக்கு அவருடைய வெண்கலச் சிலையை வழங்கியது, முதலில் அவரை அனுப்பிய இல்லினாய் மாநிலமே.