சந்து நிழலில் திப்பிலி



வடசென்னையில் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ செடி வளர்ப்பது பற்றிப் பேச்செடுத்தால், "எங்க வீட்டுல வெயிலே விழாதுங்க" என்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஆள் நடக்க மட்டும் இடமுள்ள சந்துகள். அங்கே ரோஜாவும் தக்காளியும் தேறாது, உண்மைதான். ஆனால் அந்த நிழலிலேயே செழிக்கக்கூடிய கொடி ஒன்று இருக்கிறது. திப்பிலி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில், பெரிய மரங்களின் அடியில் தரையோடு படரும் கொடி இது. மிளகு, வெற்றிலைக் குடும்பம். ஒருமுறை வேர் பிடித்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். முதல் நூற்றாண்டில் ரோமாபுரி எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த விலையில், ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியம், திப்பிலியோ 15. இன்று தீபாவளி லேகியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக வாங்குவதோடு சரி. பச்சைக் கொடியைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

நடுவது எளிது. 3 அல்லது 4 கணு உள்ள கொடித்துண்டு போதும். ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி என்பதால், தடித்த காய் பிடித்திருக்கும் கொடியிலிருந்தே துண்டு கேட்டு வாங்குங்கள். தொட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். காசிமேட்டில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, ஓரம் உடைந்ததும் குப்பைக்குப் போகிறது. அதில் ஊறிய உப்பு போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, அடியில் துளையிட்டு, செம்மண்ணும் மட்கிய சாணமும் தென்னைநார்க் கழிவும் கலந்து நிரப்புங்கள்.

நம் பகுதியில் இதற்கு எதிரி நிழல் அல்ல, உப்பும் சாம்பலும்தான். கடல்நீர் நிலத்தடியில் ஏறிய தெருக்களில் போர் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் கருகும். மழைநீரோ அரிசி களைந்த தண்ணீரோ ஊற்றுங்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. எண்ணூர், மணலிப் பக்கத்துத் தூசி இலையில் படியும். வாரம் ஒருமுறை கழுவிவிடுங்கள். கொசஸ்தலை ஆற்றோரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த மண்ணையும், தொழிற்சாலை மதிலோர மண்ணையும் எடுக்கவே எடுக்காதீர்கள். சாம்பலில் ஈயமும் ஆர்செனிக்கும் இருக்கும். நாம் வளர்ப்பது வாயில் போடும் மருந்து. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உரமும் காசிமேட்டிலேயே கிடைக்கிறது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை கலந்து, மூடி மூன்று நான்கு வாரம் வைத்தால் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும்.

நட்ட ஆறு மாதத்தில், இதய வடிவ இலைகளுக்கு எதிர்ப்புறம், கணுவுக்கு ஒன்றாகக் காய் நிமிர்ந்து நிற்கும். பழுக்க விடாதீர்கள். கரும்பச்சையாக இருக்கும்போதே, கடித்தால் காரம் சுள்ளென்று ஏறும் பருவத்தில் பறித்து, நான்கைந்து நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். காய்க்காத கொடியும் வீணல்ல. அதன் வேரும் அடித்தண்டும்தான் கண்டதிப்பிலி. சளிக்கு ரசம் வைக்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிடுங்கள். கொடி படர்ந்ததும் பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் ஆளுக்கொரு துண்டு ஒடித்துக் கொடுங்கள்.