பிள்ளையின் உணவு யார் கடமை?

(பொதுக்காலம் 29-ஆம் ஞாயிறு – லூக்கா 18:1-8)



இன்றைய நற்செய்தியில் ஒரு கைம்பெண் நடுவரைத் தேடிப் போகிறார். அவரோ கடவுளுக்கு அஞ்சாதவர், மனிதரை மதிக்காதவர். அந்தப் பெண் கேட்டது இரக்கம் அல்ல, நீதி. "வழக்குக்கு ஏனம்மா போகிறாய்?" என்று இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மனந்தளராமல் மன்றாட அவரையே நமக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார்.

நம் பங்குகளிலும் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். கணவர் உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் வீட்டுக்கு வருவதில்லை, பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புவதில்லை. "பொறுத்துக்கொள், இது உன் சிலுவை" என்று நாம் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுகிறோம். பசிக்கும் பிள்ளை மீது நாம் சுமத்தும் சிலுவையை ஆண்டவர் கொடுத்ததாகச் சொல்லக் கூடாது, அன்பர்களே.

"கோர்ட்டுக்குப் போனால் திருமணம் முறிந்துவிடுமோ, நற்கருணை வாங்க முடியாமல் போகுமோ?" என்று பல தாய்மார் அஞ்சுகிறார்கள். ஜீவனாம்சம் கேட்பது விவாகரத்து கேட்பது அல்ல. அது பாவமும் அல்ல. தம்பதியர் பிரிந்து வாழ நேர்ந்தால், பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் எப்போதும் தக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1154-ஆம் எண்ணில் கட்டளையிடுகிறது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக உள்ளது. இது எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. குடும்பநல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கும், இல்லாத இடத்தில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடமும் மனு கொடுக்கலாம். கணவர் வெளியூரில் இருந்தாலும் மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். வழக்கு முடியும்வரை இடைக்கால உதவியும் கேட்கலாம். கணவருக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாட்களுக்குள் அதை முடிவுசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். மனு கொடுத்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உத்தரவுக்குப் பிறகும் தக்க காரணமின்றிக் கொடுக்காதவர் சிறைக்குப் போக நேரிடலாம். பாக்கித் தொகையை ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பங்கின் திருமணப் பதிவேட்டு நகலும் பிள்ளையின் திருமுழுக்குச் சான்றும் வேண்டுமென்றால் பங்கு அலுவலகத்தில் தயங்காமல் கேளுங்கள்.

தந்தையரே, உங்களிடம் ஒரு சொல். பெற்றோருக்குத் தர வேண்டியதைக் "கடவுளுக்குக் காணிக்கை" என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கண்டித்தார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கொடுக்காமல் திருவிழாவுக்குத் தேர் அலங்காரம் செய்பவரின் காணிக்கை எப்படி ஏற்புடையதாகும்? தம் வீட்டாரைப் பேணாதவர் விசுவாசத்தையே மறுதலித்தவர் என்று பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். மனைவி மீதுள்ள கோபம் பிள்ளையின் தட்டில் விழக் கூடாது. தாய் வேலைக்குப் போவதாலும் உங்கள் கடமை தீர்ந்துவிடாது.

தாய்மாரே, உங்களிடமும் ஒரு சொல். பணம் வரவில்லை என்பதற்காகத் தந்தையின் முகத்தைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள். பராமரிப்பு வேறு, சந்திப்பு வேறு. பிள்ளைக்கு ஆபத்து இருக்குமானால் அதை நீதிமன்றத்தில் சொல்லிப் பாதுகாப்புத் தேடுங்கள். பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளைகளைப் பிணையாக வைக்கக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில் கெஞ்சிக் கேட்டார்.

பங்கு மக்களாகிய நமக்கும் கடமை உண்டு. நீதிமன்றத்துக்குத் தனியாகப் போகும் சகோதரியுடன் ஒருவர் துணைக்குப் போகட்டும். அன்று பள்ளி விட்டு வரும் அவருடைய பிள்ளைக்கு ஒரு வீட்டில் சோறு காத்திருக்கட்டும்.

நற்செய்தியின் கைம்பெண் தனியாகத்தான் கதவைத் தட்டினார். நம் பங்கில் எந்தத் தாயும் அப்படித் தனியாகத் தட்ட வேண்டாம். அதற்கான அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.