எல்லைக்கோடும் ஏழைப் பிள்ளையும்

(வெருகலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



இந்த அறக்கட்டளை ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்தது. அவர் கற்பித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று எந்தப் பாடசாலைக்குப் போகிறார்கள், ஏன் அங்கே போகிறார்கள், யாரோடு அமர்ந்து படிக்கிறார்கள் என்று கேட்பதே அவருக்குச் செய்யத்தக்க அஞ்சலி என்று கருதுகிறேன்.

வரையப்படாத எல்லை

சில நாடுகளில் ஒவ்வொரு வீடும் எந்தப் பாடசாலைக்கு உரியது என்று வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டை மாற்றினால் ஊரே திரண்டு வாதாடும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நகரப் பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டுக் கிடந்தார்கள். புறநகர்ப் பாடசாலைகளையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைத்தாலன்றி அந்த ஒதுக்கல் தீராது என்று கீழ் நீதிமன்றம் கண்டது. 1974இல் மில்லிக்கன் எதிர் பிராட்லி வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தைத் தள்ளிவிட்டது. நிர்வாக எல்லை நிலைத்தது. அதற்குள் அகப்பட்ட பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

நம் இலங்கையில் அப்படி ஒரு வரைபடம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் பிரிக்கப்படுகிறார்கள். தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, கல்வி வலய எல்லை, மாவட்ட எல்லை ஆகிய நான்கும் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளைச் சில பாடசாலைகளில் குவித்துவிடுகின்றன. ஒருவர் வரைந்த கோடாக இருந்தால் அவரிடம் கேள்வி கேட்கலாம். இந்தக் கோட்டுக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லை. அதனால் பொறுப்பேற்கவும் யாரும் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஒரு கோப்புக்குள் இருப்பவை

நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலை ஒன்றில் தரம் 1க்கு விண்ணப்பிக்கும் பெற்றோரின் கோப்பைத் திறந்து பாருங்கள். காணி உறுதி, ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்பட்டியல், நீர்ப்பட்டியல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தந்தை அங்கே படித்திருந்தால் அதற்கான அத்தாட்சி. இடங்களில் ஏறத்தாழ பாதி அருகில் வசிப்போருக்கு. கால்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. அடுத்த பங்கு அங்கே ஏற்கெனவே படிப்பவரின் சகோதரருக்கு. வீட்டுக்கு இன்னும் கிட்டிய பாடசாலை ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிக்கப்படும்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். இப்போது அதே கோப்பை வெருகல் பிரதேசத்துக் குடும்பம் ஒன்று தயாரிப்பதாக எண்ணிப் பாருங்கள். 2006 யூலையில் மாவிலாற்று அணைக் கதவுகள் மூடப்பட்டதோடு மீண்டும் மூண்ட போர், இங்குள்ள ஈச்சிலம்பற்று மக்களை வெருகலாற்றுக்கு அப்பால் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்து பலர் மாண்டார்கள். அதற்கு முன்பே, 2004 டிசம்பர் 26இல், கடல் இந்தக் கரையை அடித்துக்கொண்டு போயிருந்தது. உறுதியும் பத்திரமும் தண்ணீரிலும் நெருப்பிலும் போன வீடுகள் இங்கே எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். உறுதியே இல்லாமல் அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்களும் உண்டு. பிள்ளையின் படிப்புக்காகத் திருகோணமலையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துப் போனாலும், ஐந்து ஆண்டு இடாப்பை எங்கிருந்து கொண்டுவருவது? பழைய மாணவர் என்ற பங்கோ, தந்தையும் தாயும் வெருகலில் படித்ததாலேயே மூடிக்கொள்கிறது.

திருகோணமலை நகரத்து ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி போன்றவை இந்த மாவட்டத்துக்குப் பெருமை சேர்த்த நிறுவனங்கள். அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவற்றின் வாசல் வரை போகும் வழி எந்தக் குடும்பத்துக்குத் திறந்திருக்கிறது என்பதே கேள்வி.

ஆறாம் தரத்தில் காலியாகும் முன்வரிசை

இரண்டாவது கோடு புலமைப்பரிசில் பரீட்சை. அதன் வேர் நல்ல வேர். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது, மத்திய பாடசாலைகளைக் கிராமப்புறங்களில் நிறுவினார். கெட்டிக்கார ஏழைப் பிள்ளை தேர்வெழுதி, இலவச விடுதியில் தங்கி, அங்கே படிக்கட்டும் என்பது நோக்கம். நல்ல பாடசாலை கிராமத்தை நோக்கி வந்தது. இன்று அந்தப் பரீட்சை பெரும்பாலும் எதிர்த்திசையில் இழுக்கிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை நகரத்துக்குப் போகிறது.

இங்குள்ள ஒரு சிறிய பாடசாலையின் தரம் 6 வகுப்பறையைப் பாருங்கள். சென்ற ஆண்டு கேள்விக்கு முதலில் கையுயர்த்திய பிள்ளை இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, கணித ஆசிரியர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்ட தந்தையும் இல்லை. பிள்ளையோடு அவரும் போய்விட்டார். எஞ்சிய பிள்ளைகளில் சிலர் காலையில் வெறும் தேநீரோடு வந்திருப்பார்கள். வயல் வேலைக் காலத்திலும் கடற்தொழில் காலத்திலும் வரவு குறையும். கரையோரப் பூர்வீகக் குடிகளின் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர யாரும் இருப்பதில்லை.

ஏழ்மை ஒரு வீட்டில் இருப்பது வேறு, ஒரு வகுப்பறை முழுவதும் ஏழ்மையாக இருப்பது வேறு. ஜேம்ஸ் கோல்மன் 1966இல் அமெரிக்க அரசுக்கு அளித்த பெரிய ஆய்வறிக்கை, கூடப் படிக்கும் பிள்ளைகளின் குடும்பப் பின்னணி ஒரு பிள்ளையின் அடைவில் பலமாகத் தொடர்புபடுவதைக் காட்டியது. இந்தியாவில் 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி ஆணைக்குழு, எல்லா வர்க்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் அயற்பாடசாலை முறையைப் பரிந்துரைத்தது. இந்த மண்ணின் ஆசிரியர்கள் இதை அறிக்கை படித்து அறியவில்லை. நாளாந்தம் கண்டவர்கள் அவர்கள்.

நம் அரசும் இதை உணராமல் இல்லை. ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளும், அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஐயாயிரம் ஆரம்பப் பாடசாலைகளும் என ஒரு திட்டம் வந்தது. பிறகு, அருகிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்ற திட்டம் வந்தது. கட்டடம் எழுந்தது, ஆய்வுகூடம் எழுந்தது. கட்டடத்துக்குள் நின்று கற்பிக்கும் ஆசிரியர் நிலைக்கவில்லை. கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த மறுநாளே இடமாற்றக் கடிதம் தேடுகிற ஒருவரை நான் பழிக்க மாட்டேன். தங்க விடுதி இல்லை, மாரியில் போக்குவரத்து இல்லை. அவர் போனபின் அந்த இடம் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடப்பதுதான் பழிக்கத்தக்கது.

ஆறும் மாவட்டமும்

மூன்றாவது கோடு வெருகலாறு. இக்கரை திருகோணமலை மாவட்டம், மூதூர் கல்வி வலயம். அக்கரையில் கதிரவெளி, மட்டக்களப்பு மாவட்டம், கல்குடா வலயம். ஆற்றங்கரை ஊர்களுக்கு மூதூரைவிடக் கதிரவெளி கிட்ட. போர்க்காலத்தில் நம்மவர் ஓடியதும் அந்தப் பக்கந்தான். ஆனால் ஒரு விஞ்ஞான ஆசிரியரை இரு கரைப் பாடசாலைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால், இரண்டு வலயங்களும் இரண்டு மாவட்டங்களும் சம்மதிக்க வேண்டும். ஒரே மாகாணத்தின் கீழ் இருந்தும் இது எளிதில் நடப்பதில்லை.

நான்காவது கோடு, பல்கலைக்கழக அனுமதியில் வரும் மாவட்ட எல்லை. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை வெருகல் போன்ற இடங்களின் பெயரால் கிடைக்கிறது. அதை வாங்கிச் செல்வதோ, உயர்தர விஞ்ஞான வகுப்பும் தனியார் வகுப்பும் காலடியில் இருக்கும் நகரத்துப் பிள்ளை. ஒதுக்கீடு வேண்டும். அது மாவட்டத்தோடு நின்றுவிட்டால், மாவட்டத்துக்குள் இருக்கும் பள்ளத்தை மூடி மறைக்கும்.

மூடுவதா, சேர்ப்பதா?

நாட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகள். ஐம்பதுக்கும் குறைந்த மாணவர் உள்ளவை ஆயிரத்துக்கு மேல். அவற்றை மூடிப் பெரிய பாடசாலைகளோடு சேர்க்க வேண்டும் என்ற பேச்சு பலத்து வருகிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்ற நிலையில் பிள்ளைகளைப் பிடித்து வைப்பது நியாயமில்லை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெருகலாறு பெருகும் மார்கழியில் ஆறு வயதுப் பிள்ளை எப்படிப் போகும் என்று தீர்மானித்த பிறகே கதவை மூட வேண்டும். சேரும் பாடசாலையும் இன்னோர் ஏழைப் பாடசாலையாக இருந்தால், இரண்டு வறுமையை ஒரு கூரைக்குள் கொண்டுவந்ததுதான் மிச்சம்.

சிறுபோகத்தில் நீர்த் தட்டுப்பாடு வந்தால், நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் நல்ல வட்டவிதானை, வாய்க்காலின் கடைசி வயலுக்கு எட்டும்படிதான் முறை வைப்பார். கல்வியிலும் பங்கீட்டைக் கடைசிப் பாடசாலையிலிருந்து கணக்கிட வேண்டும்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு பாடசாலையிலும் அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை வீதம், எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்ற இரண்டையும் வலயம் ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். வறுமை மிகுந்த பாடசாலைகளுக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கில ஆசிரியர்களை முதலில் நியமித்து, விடுதியும் கட்டித்தர வேண்டும். ஈச்சிலம்பற்றுக் கோட்டத்திலேயே உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகளும் மாணவர் விடுதியும் கொண்ட பலமான பாடசாலை ஒன்று நிலைபெற வேண்டும். புலமைப்பரிசில் பெற்ற பிள்ளை அங்கே படிக்க விரும்பினால் கூடுதல் உதவி தரப்பட வேண்டும். மூதூர், கல்குடா வலயங்கள் ஆற்றின் இரு கரைப் பாடசாலைகளையும் ஒரே கொத்தணியாக நடத்த வேண்டும். மாணவர் பேருந்து ஓடத் தொடங்கும்வரை எந்தச் சிறிய பாடசாலையும் மூடப்படக்கூடாது. மாவட்ட ஒதுக்கீட்டுக்குள் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குத் தனிப்பங்கு வேண்டும்.

பெற்றோரே, பிள்ளையை நகரத்துக்கு அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. அனுப்பியவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் பிள்ளை போனபின்பும் ஊர்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். அனுப்ப முடியாதவர்களும் வாருங்கள். எங்கள் பாடசாலையில் எந்த ஆசிரியர் இல்லை, எப்போது வருவார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.