வாசற்கோலமும் ஆய்வேடும்



கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்து வருகிறார். பக்கவாதம் கண்ட தாயாரையும் அவரேதான் பார்த்துக்கொள்கிறார். விடியற்காலையில் தாயாருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டு அக்காளிடம் சொல்லிவிட்டுக் கொமுட்டர் ரயில் ஏறுவார். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, எல்.ஆர்.டி. மாறிப் பல்கலைக்கழகம் போய்ச் சேர்வதற்குள் பாதித் தெம்பு போய்விடும்.

நேரம் போதாமற் போனபோது அவர் முதலில் கைவிட்டது காலைக் கோலத்தை. நம்மில் பலரும் இப்படித்தான் கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கு தவறு என்பது என் கருத்து.

ஏன் என்று கேளுங்கள். ஆய்வேடு ஆண்டுக்கணக்கில் முடியாது. எழுதிய அத்தியாயம் திருத்தங்களோடு திரும்பி வரும். நோயாளியைப் பார்ப்பதும் அப்படியே. இன்று செய்ததை நாளையும் செய்ய வேண்டும். எவ்வளவு செய்தாலும் போதவில்லை என்ற உறுத்தல் வேறு. கோலம் அப்படியா? புள்ளி வைத்து, கம்பி இழுத்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் வேலை முடிந்தது. மதிப்பெண் போட ஆளில்லை. மாலை மழை அழித்துவிட்டாலும் நட்டமில்லை. இன்று ஒரு காரியமாவது முழுதாக முடிந்தது என்று மனம் அறிகிறதே, அது பெரிய ஆறுதல்.

2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமல் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39 பேரிடம் களிமண்ணும் வண்ணப் பேனாவும் காகிதத் துண்டுகளும் கொடுத்து, 45 நிமிடம் விருப்பம்போல் எதையாவது செய்யச் சொன்னார்கள். பிறகு எச்சிலைச் சோதித்தபோது, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்னும் சுரப்பு ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. கை திருந்தாதவர்களும் தயங்க வேண்டியதில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த செய்தி. மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோலம் போட்டால் தாயாரைத் தூக்கி உட்கார வைக்கும் வேலை குறையுமா? குறையாது. அதற்கு அண்ணன் தம்பிகள் முறைவைத்து வரத்தான் வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் போவதில் வெட்கம் எதற்கு?

அந்த அம்மையார் இப்போது மீண்டும் கோலம் போடுகிறார். தாயாரைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறார். மதிப்பெண் போட ஆளில்லை என்றேனே, அது முழு உண்மையல்ல. பேச்சு இன்னும் திரும்பாத அந்தத் தாயார், விட்டுப்போன புள்ளியை விரலால் சுட்டிக் காட்டுகிறாராம்.